பச்சை வளையலும் பெரும்பதன் கல்லும்

கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கத்து நகைக்கடைகளில் தங்கத்தை அடுத்துப் பச்சை வளையல்கள் வரிசையாக இருக்கும். சீன மூதாட்டிகள் சிலர் இளவயதில் மாட்டிய ஜேட் வளையலைக் கழற்றுவதே இல்லை. அது உடைந்தால், அணிந்தவருக்கு வரவிருந்த ஆபத்தைக் கல் வாங்கிக்கொண்டது என்பது நம்பிக்கை. பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கும் பிரிக்பீல்ட்ஸ் தமிழருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிள்ளானின் ஹொக்கியன் வீடுகளில் சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாளை வரவேற்று, முந்தைய இரவே முழுக் கரும்பு கட்டிப் படையல் வைப்பார்கள். அந்தப் படையல் ஜேட் பேரரசருக்கு. வானுலகின் அரசனுக்கே பொன்னின் பெயரை வைக்காமல் இந்தக் கல்லின் பெயரை வைத்த மரபு அது.

உண்மையில் ஜேட் ஒரு கல் அன்று, இரண்டு. பிரெஞ்சு வேதியியலர் அலெக்ஸிஸ் டாமூர் 1863இல் இதை நிறுவினார். நெஃப்ரைட்டில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. ஜேடைட்டில் சோடியமும் அலுமினியமும். சீனர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செதுக்கியது நெஃப்ரைட்டைத்தான். பர்மாவின் கச்சின் மலைகளில் கிடைக்கும் ஜேடைட் சீனாவில் பெரிதாகப் புழங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். அதன் கண்ணைப் பறிக்கும் பச்சை, துளியளவு குரோமியம் தரும் நிறம். கடினத்தில் இரண்டுமே வைரத்தின் அருகில்கூட வராது. ஆனால் நுண்ணிழைகள் பாய்போல் பின்னிக் கிடப்பதால் நெஃப்ரைட் அடிக்கு எளிதில் பிளக்காது. கற்காலத்தில் அதைக் கோடரியாக்கியதும் அதனால்தான்.

அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றிய ஜேடைட்டுக்கு வணிகத்தில் 'பி' வகை என்று பெயர். சாயம் ஏற்றியது 'சி'. இயற்கையானது மட்டுமே 'ஏ'. கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலத் தெரியலாம். தங்கத்தைப்போல உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்கவும் வழியில்லை. பிசினைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்து அகச்சிவப்புக் கதிர்தான் வேண்டும்.

மலாய்த் தீபகற்பத்தில் ஜேட்டின் கதையைக் கோலாலம்பூரின் 1857ஆம் ஆண்டு ஈயச் சுரங்கக் காலத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அது மிகப் பிந்திய தொடக்கம். தைவானின் ஃபெங்தியான் நெஃப்ரைட் பிலிப்பைன்ஸ், வியட்நாம், சரவாக், தென் தாய்லாந்து வரை பரவியிருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய்லாந்தின் கிரா நிலஇடுக்கில் உள்ள காவோ சாம் கெயோவில், கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே அந்த நெஃப்ரைட்டையும், இந்திய நுட்பத்தில் சூதுபவள மணிகளையும் ஒரே ஊரில் செதுக்கினார்கள். கொங்குநாட்டுக் கொடுமணல் அகழாய்வில் கிடைக்கும் சூதுபவளம், கிழக்கே ஜேட்டின் பக்கத்து வீட்டுக்காரனாக இருந்திருக்கிறது! அந்தக் கடல்வழி கிள்ளான் பள்ளத்தாக்கையும் விட்டுவைக்கவில்லை. கிள்ளானிலும், 1964இல் பந்திங் அருகே சுங்கை லாங்கிலும் கிடைத்த தோங்சோன் வெண்கல முரசுகள் அதற்குச் சாட்சி.

கிரா நிலஇடுக்குக்குத் தெற்கே, கிராபியின் குலோங் தோமில் ஒரு சிறு உரைகல் கிடைத்தது. அதில் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டுத் தமிழ் பிராமியில் பொறித்திருப்பது இரண்டே சொல்: 'பெரும்பதன் கல்'. பெரும் பத்தன், அதாவது பெரிய பொற்கொல்லர் ஒருவருடைய கல். நகைப்பட்டறையில் பொன் உரசிய அந்தக் கல், இன்று அவ்வூர் புத்தவிகாரையின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.