முள்ளை இழுக்கும் கயிறு

1920-களின் முற்பகுதியில், வானொலிப் பெட்டிகள் பலவற்றில் ஒரு நிலையத்தைப் பிடிக்க மூன்று குமிழ்களைத் தனித்தனியே திருப்ப வேண்டியிருந்தது. பின்னர் மின்தேக்கிகள் ஒரே அச்சில் கோக்கப்பட்டன; ஒரு குமிழே போதுமானதாயிற்று. குமிழையும் மின்தேக்கியின் சக்கரத்தையும் முள்ளையும் பிணைத்தது ஒரு மெல்லிய கயிறு.

அகில இந்திய வானொலி 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் நிலையம் திறந்தது. வெளிமாநிலங்களில் வாழ்ந்த நம்மவர் தமிழோசையைத் தேடிப் பிடித்ததும் இக்கயிற்றின் துணையால்தான்.

கயிறு அறுந்தால் பெட்டி ஒலிக்கும், நிலையம் மாறாது. மின்னிணைப்பை நீக்கி, மின்தேக்கித் தகடுகளை முழுதும் உள்ளே திருப்பி, நீளாத புதுக் கயிற்றைக் குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிச் சக்கரத்தின் வில்சுருளில் மாட்டுவர். பிறகு, தெரிந்த நிலையமொன்றைப் பிடித்து முள்ளை அதன் எண்ணில் பொருத்துவர். ஆகவே, நம் முன்னோர் வைத்துச் சென்ற பெட்டியைக் கயிறு அறுந்ததென்று நாம் கழித்துவிட வேண்டா.