தூளியும் தொட்டிலும்

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகே, அதிரம்பாக்கம் என்றொரு சிற்றூர் உண்டு. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலநூலறிஞர் அப்பகுதியில் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அவற்றைச் செய்த மாந்தர் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்தவர் என்பதை 2011-ல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. நான் பள்ளியில் வரலாறு கற்பித்து வந்த நாளில், மாணவரை ஆண்டுக்கு ஒருமுறை அவ்விடத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். ஒரு முறை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இவங்க கைக்குழந்தையை எங்கே படுக்க வைச்சிருப்பாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் தெரியாது. கல் நிலைத்தது, தோலும் கொடியும் நாரும் மக்கி மண்ணாயின. அரசர் அமர்ந்த இருக்கையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆனால், மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் கிடந்து உறங்கிய இடத்தைப் பற்றி வரலாற்று நூல்களில் ஒரு வரியும் காண்பது அரிது. அந்தப் பெண்ணின் கேள்வி பல ஆண்டுகள் என்னைத் தொடர்ந்து வந்தது. அதன் பயனாக அறிந்தவற்றுள் சிலவற்றை இன்று கூற விரும்புகிறேன்.

எங்கள் பொன்னேரிப் பக்கத்தில் துணியால் கட்டுவதைத் தூளி என்போம். மரத்தாலோ பிரம்பாலோ செய்ததைத் தொட்டில் என்போம். கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் அதே தூளியை ஏணை என்பார்கள். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தெலுங்கு பேசும் தாய்மார் அதனை உய்யால என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: உடுத்து உடுத்து மெலிந்த பருத்திப் புடவை ஒன்று, அதைத் தாங்க ஓர் உத்தரம் அல்லது மரக்கிளை, இறுக்கமான ஒரு முடிச்சு.

புதுப் புடவையில் தூளி கட்டுவதில்லை. பழம்புடவை மென்மையானது, குழந்தையின் தோலை உறுத்தாது, காற்றும் அதனூடே புகுந்து வரும். தாய் உடுத்திய துணியாதலால் அவள் மணமும் அதில் இருக்கும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டியதற்கும் காரணம் உண்டு. கூரை வீட்டின் மண் தரையில் தேளும் பூரானும் ஊரும். மழைக்காலத்தில் ஈரம் கசியும். ஆரணியாறு பெருகினால் பாம்பும் வீட்டைத் தேடி வரும். நாயும் கோழியும் வேறு. இத்தனைக்கும் எட்டாத உயரத்தில் குழந்தை ஆடிக்கொண்டிருக்கும். தாயின் ஒரு கை அடுப்பிலும் மற்றொரு கை தூளிக் கயிற்றிலும் இருக்கும். அந்த நாளின் இடர்களை எண்ணிப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது.

இலக்கியத்திற்கு வந்தால், அங்கே பழம்புடவையைக் காணோம். பெரியாழ்வார் யசோதையாக நின்று பாடும்போது, பிரமனே கண்ணனுக்குப் பொன் தொட்டில் அனுப்பி வைக்கிறான். பிள்ளைத்தமிழில் மூன்றாம் பருவமாகிய தாலப் பருவமும் அரசத் தொட்டிலையே சூழ்ந்து நிற்கிறது. தால் என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு ஆயிற்று என்பர். புலவர்கள் தொட்டிலுக்கு மணி பதித்தார்கள். முடிச்சைச் சரிபார்க்கும் கவலையைத் தாய்மாரிடமே விட்டுவிட்டார்கள்!

கைக்குழந்தை உறக்கத்தில் இறந்துபோவது எல்லா நாட்டிலும் உள்ள பழந்துயரம். விவிலியத்தில் சாலமோன் மன்னனிடம் வழக்குக் கொண்டுவந்த இரு பெண்களுள் ஒருத்தியின் பிள்ளை, இரவில் அவள் அதன்மேல் புரண்டதால் மாண்டது என்றே அக்கதை தொடங்குகிறது. இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் இதனைத் தடுப்பதற்கென்றே ஆர்க்குச்சியோ என்னும் மரச்சட்டம் வழங்கி வந்தது. வில்போல் வளைந்த அச்சட்டத்தினுள் குழந்தையைக் கிடத்திவிட்டால், அருகில் படுத்த செவிலி புரண்டாலும் அவள் உடல் குழந்தைமேல் படாது. பால் குடிக்க வசதியாகப் பக்கத்தில் ஓர் இடைவெளியும் விட்டிருந்தார்கள்.

1892-ல் ஸ்காத்லாந்தின் தண்டி நகரத்துக் காவல்துறை மருத்துவர் சார்லசு தெம்பிள்மன் என்பவர், உறக்கத்தில் மூச்சடைத்து இறந்த 258 குழந்தைகளின் செய்திகளைத் தொகுத்து வெளியிட்டார். சனிக்கிழமை இரவில் இறந்தவையே மிகுதி. கூலி வாங்கும் நாள், குடிக்கும் நாள். ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துப் படுக்கும் வறுமையையும் அவர் குறித்துள்ளார். தண்டி நகரம் சணல் ஆலைகளுக்குப் பேர்போனது என்பதை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஆலைத் தொழிலாளரின் குழந்தை எங்கே உறங்கும் என்ற கேள்விக்கு நாம் மீண்டும் வருவோம்.

இனி என் வீட்டுக் கதை. 1974-ல் எங்களுக்கு முதல் மகன் பிறந்தான். படித்தவன் என்ற இறுமாப்பு எனக்கு நிறைய இருந்த காலம். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையொன்றில், அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய புகழ்பெற்ற குழந்தை வளர்ப்பு நூலை வாங்கி வந்தேன். 1950-களின் பிற்பகுதி முதல் வந்த அதன் பதிப்புகள், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்றன. மல்லாந்து கிடந்தால் வாந்தியெடுக்கும்போது மூச்சு அடைத்துக்கொள்ளும் என்பது காரணம். படிப்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது! தூளியை அவிழ்க்கச் சொன்னேன். மெத்தை விரித்துப் பிள்ளையைக் குப்புறக் கிடத்தினேன்.

என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். "குப்புறப் போட்டா கொழந்தை மூச்சு எங்கேடா விடும்? மண்ணுலயா?" என்று கேட்டார். அமெரிக்காவில் பெரிய டாக்டர் எழுதியிருக்கிறார் என்றேன். "அந்த டாக்டரு எத்தனை பெத்தாரு?" என்றார். வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை.

பின்னாளில் நிகழ்ந்ததை உலகம் அறியும். மேனாடுகளில், நலமாக இருந்த குழந்தைகள் காரணமின்றித் தொட்டிலில் இறந்து கிடப்பதற்கு 1969-ல் தனிப்பெயரே இட்டு ஆராயத் தொடங்கினர். குப்புறப் படுக்க வைப்பதே பெருங்காரணங்களுள் ஒன்று என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று. நெதர்லாந்து 1987-ல் விழித்துக்கொண்டது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் 1991-ல் மல்லாந்து படுக்க வைக்கும் இயக்கம் தொடங்கியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1992-ல் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. இவ்வியக்கம் பரவிய நாடுகளில் அத்தகைய சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதற்கான சான்றுகள் 1970-லேயே கிடைத்திருந்தன என்றும், அவற்றை அப்போதே முறையாகத் தொகுத்துப் பார்த்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றும் கணித்தது. நான் புத்தகம் வாங்கியது 1974-ல்.

வாந்தி பற்றிய அச்சமும் உடற்கூற்றுக்கு ஒவ்வாதது. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. எதுக்கலித்த பால் மேல்நோக்கி ஏறினாலன்றி மூச்சுக்குழலில் புகாது. குப்புறக் கிடந்தால் இவ்வமைப்பு தலைகீழாகிறது.

இவ்வளவு சொன்னதால் தூளிக்கு நான் வழக்குரைக்கிறேன் என்று கொள்ளலாகாது. தூளியில் குழந்தை மல்லாந்து கிடக்கிறது என்பது அதன் சிறப்பு. அதன் உடல் வளைந்து கிடக்கிறது என்பது குறை. பிறந்து சில வாரமே ஆன சிசுவுக்குத் தலையைத் தூக்கிக்கொள்ளும் வலு இல்லை. தாடை மார்பில் படியுமாறு கழுத்து மடங்கினால் மூச்சுவழி குறுகும், அழக்கூட இயலாது. 10 பாகைக்குமேல் சாய்ந்த உறக்கப் படுக்கைகளைக் கைக்குழந்தைகளுக்கு விற்பதை அமெரிக்கா 2022-ல் சட்டமியற்றித் தடுத்ததற்கும் இதுவே காரணம். ஆகவேதான் இந்நாளைய மருத்துவர், கெட்டியான சமதளத்தில், தாயின் கைக்கெட்டும் தொலைவில், தனி விரிப்பில், மல்லாந்து உறங்கட்டும் என்கிறார்கள். தலை உருண்டையாக அமையவேண்டுமென்று நம் வீடுகளில் வைக்கும் கடுகுத் தலையணையும் வேண்டாம் என்கிறார்கள். கடுகுத் தலையணையைக் கைவிட எங்கள் வீட்டில் ஒருவரும் இசையவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தூளியின் பெரிய இடர் கைக்குழந்தைக்கு அன்று, அதன் அக்காளுக்கும் அண்ணனுக்குமே. ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் வெறுந்தூளியில் ஏறிச் சுற்றிச் சுற்றி விளையாட, துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிவிடுகிறது. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இச்செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. என் அம்மா குழந்தையை எடுத்தவுடன் தூளியைச் சுருட்டி உத்தரத்தில் செருகிவிடுவார். துணியின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவே தொட்டில் கம்பு ஒன்றையும் மறவாமல் வைப்பார். இவை ஒரு நூலிலும் எழுதப்படாத விதிகள். கூட்டுக்குடும்பத்தில் பாட்டியிடமிருந்து மருமகளுக்கு வந்தவை. குடும்பம் சிதறும்போது துணி மட்டும் போய்ச் சேர்கிறது, விதிகள் பின்தங்கிவிடுகின்றன.

கும்மிடிப்பூண்டியில் இதனை நான் கண்ணால் கண்டேன். 1971-ல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அவ்வூரில் தொழில் வளாகம் அமைத்தபின், நெல் விளைந்த ஊரைச் சுற்றி இரும்பு உருக்கும் ஆலைகள் எழுந்தன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். பத்தடி அறையில் தகரக் கூரையின்கீழ்க் குடும்பம் நடத்துகிறார்கள். தூளி கட்ட உத்தரம் இல்லை. சன்னல் கம்பியில் கட்டுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளின் நிலை வேறு. மழை ஓய்ந்தபின் வந்து கோடை முடியுமட்டும் கல் அறுக்கும் பெண்கள், சூளையோரத்து மரத்தில் புடவையைக் கட்டிப் பிள்ளையை விடுகிறார்கள். புழுதியும் புகையும் லாரியும் சூழ்ந்த இடம் அது. காவலுக்கு இருப்பவள் ஆறு வயது அக்காள்.

சட்டம் இதனை எண்ணாமலில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்குமேல் வேலை செய்த ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண் 30 ஆகக் குறைக்கப்பட்டது. பேறுகாலச் சலுகைச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. 29 பெண்கள் வேலை செய்த ஆலையின் தாய்க்கும், ஒப்பந்தக்காரர் கணக்கில் பெயரே ஏறாத சூளைத் தாய்க்கும் இவ்வெண்களால் என்ன பயன் விளைந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் மகிழ்ச்சியோடு சொல்லலாம். பின்லாந்து நாட்டில் 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் அரசு ஒரு பெட்டி கொடுத்து வருகிறது. உள்ளே ஆடைகளும் சிறு மெத்தையும் இருக்கும். அட்டைப் பெட்டியே குழந்தையின் முதற்படுக்கை ஆகும். தமிழ்நாட்டில் 2015-ல் அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களுக்கு 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அதில் சிறு படுக்கையும் கொசுவலையும் இருந்தன. கும்மிடிப்பூண்டித் தகர அறையொன்றில் அந்தக் கொசுவலையின்கீழ், பாயின்மேல், ஒரு குழந்தை கைகளை விரித்து மல்லாந்து உறங்கக் கண்டேன். தாய் ஒடியா பேசுபவள். தூளி கட்டவில்லையா என்று சைகையால் கேட்டேன். கூரைத் தகரத்தைக் காட்டிச் சிரித்தாள். அது தாங்காது என்பது பொருள்.

என் மகனுக்கு இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அம்மா காலமானபின் ஒரு நாள், அந்த 1974-ஆம் ஆண்டுச் சண்டையை நினைவுகூர்ந்து, "நல்ல வேளை, ஒன்றும் நேரவில்லை" என்றேன். என் மனைவி சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் தூங்கினதும் அத்தை எழுந்து வந்து, தினமும் பிள்ளையை மல்லாக்கத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார்கள். விடியற்காலையில் நான் மறுபடியும் குப்புறப் போட்டுவிடுவேன். நீங்கள் பார்ப்பீர்களே என்று."