கல்ஹோர் – எர்சிஞ்சான் கூட்டிசை

கல்ஹோர் – எர்சிஞ்சான் கூட்டிசை என்பது ஈரானைச் சேர்ந்த கமாஞ்சே கலைஞர் கைஹான் கல்ஹோர், துருக்கியைச் சேர்ந்த பாக்லமா கலைஞர் எர்தால் எர்சிஞ்சான் ஆகிய இருவரும் இணைந்து நிகழ்த்திய கருவியிசையைக் குறிக்கும். பாரசீக, துருக்கிய மரபிசைகளை ஒரே மேடையில் இணைத்த முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது. இதில் வாய்ப்பாட்டுக்கு முதன்மை இல்லை. தெரிந்த நாட்டுப்புற மெட்டுகளை அடிப்படையாகக் கொண்டு, மேடையிலேயே கற்பனையாக இசை விரிக்கப்படுகிறது.

கலைஞர்கள்

கைஹான் கல்ஹோர் 1963 ஆம் ஆண்டு தெகுரானில் குர்து இனக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையிலேயே ஈரான் தேசிய வானொலி, தொலைக்காட்சி இசைக்குழுவில் வாசித்தார். 1997 இல் இந்திய சித்தார் கலைஞர் சுஜாத் உசேன் கானுடன் இணைந்து "கசல்" என்னும் குழுவைத் தொடங்கினார். யோ-யோ மாவின் பட்டுப்பாதை இசைக்குழுவிலும் பங்கேற்றுள்ளார்.

எர்தால் எர்சிஞ்சான் 1971 ஆம் ஆண்டு துருக்கியின் எர்சுரூம் நகரில் பிறந்தார். புகழ்பெற்ற பாக்லமா கலைஞர் ஆரிப் சாகின் மாணவர். மீட்டுகோல் இன்றி விரல்களால் மட்டும் தந்திகளை மீட்டும் "செல்பே" முறையில் வல்லவர்.

இசைக்கருவிகள்

கமாஞ்சே என்பது வில்லால் இசைக்கப்படும் நான்கு தந்திக் கருவி. உருண்டையான சிறு குடத்தின் வாய் தோலால் மூடப்பட்டிருக்கும். அடியிலுள்ள கூர்முனையைத் தொடையிலோ தரையிலோ ஊன்றி, கருவியையே சுழற்றி வாசிப்பர். இதற்கு மெட்டுக்கட்டைகள் இல்லை. ஈரானும் அசர்பைசானும் முன்மொழிந்ததன் பேரில், இக்கருவியைச் செய்யும் கலையும் வாசிக்கும் கலையும் 2017 இல் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பாக்லமா நீண்ட கழுத்துடைய கருவி. பொதுவாக ஏழு தந்திகள் மூன்று தொகுதிகளாக அமைந்திருக்கும். இதன் மெட்டுகள் கழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்டவை, தேவைக்கேற்ப நகர்த்தலாம். எனவே அரைச்சுரத்தினும் நுண்ணிய இடைவெளிகளை இதில் பெற முடியும்.

இரு மரபுகளின் உறவு

இவ்விரு இசைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனலாம். 13 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த சபியுத்தீன் உர்மவி எண்மத்தை 17 சுரங்களாகப் பகுத்தார். அவரது கோட்பாட்டை விரித்தெழுதிய அப்துல் காதிர் மராகி (இறப்பு 1435) பாரசீக, துருக்கிய இசை வரலாறுகள் இரண்டிலும் இடம்பெறுகிறார். இராஸ்த், சேகாஹ், சகார்காஹ் போன்ற பெயர்கள் இன்றும் இருபுறமும் வழங்குகின்றன. பாரசீக மொழியில் சேகாஹ் என்பதற்கு "மூன்றாம் இடம்" என்பது பொருள்.

எனினும் பெயர் ஒன்றாக இருப்பதால் பண்ணும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. ஈரானில் பண்கள் ஏழு தஸ்த்காக்களாகவும் அவற்றின் கிளைகளாகவும் வகுக்கப்பட்டன. துருக்கியில் மகாம் முறை தனியே வளர்ந்தது. ஒரே பெயருடைய சகார்காஹ் இரு நாடுகளிலும் வெவ்வேறு சுர அமைப்புகளைக் குறிக்கிறது.

இணைந்து இசைக்கும் முறை

இரு கருவிகளுக்கும் சுர இடைவெளிகள் முற்றிலும் பொருந்துவதில்லை. பாக்லமாவில் சுரத்தானங்களை மெட்டுகள் வரையறுத்துவிடுகின்றன. கமாஞ்சேயில் மெட்டு இல்லாததால், கல்ஹோர் விரலைச் சற்றே நகர்த்திப் பாக்லமாவின் சுரத்துடன் இணைந்துகொள்ள முடிகிறது. கருநாடக இசையில் வயலின் வீணையுடன் இணைவதற்கு இதனை ஒப்பிடலாம். மீட்டிய பாக்லமா ஒலி விரைவில் தேய்ந்துவிடும். வில்லால் எழும் கமாஞ்சே ஒலி நீண்டு நிற்கும். ஒன்றின் இடைவெளியை மற்றொன்று நிரப்புவதே இக்கூட்டிசையின் அழகு.

நிகழ்ச்சி பெரும்பாலும் தாளமற்ற ஆலாபனையாகத் தொடங்கி, மெல்லத் தாளக்கட்டுக்குள் நுழைகிறது. துருக்கிய நாட்டுப்புற இசையில் 5, 7, 9 எண்ணிக்கையுடைய "அக்சக்" தாளங்கள் மிகுதி. இவை தமிழகத்தின் கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் ஆகியவற்றை நினைவூட்டுவன.

இசைத்தொகுப்புகள்

இருவரும் இணைந்த முதல் தொகுப்பான "த விண்ட்" (காற்று) 2006 இல் செருமனியின் இ.சி.எம். நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இது 12 பகுதிகள் கொண்டது. இசை ஆய்வாளருமான உலாஷ் ஓஸ்தெமிர் இதில் திவான் பாக்லமா வாசித்துள்ளார். துருக்கியின் பூர்சா நகரில் 2011 இல் நடந்த மேடை நிகழ்ச்சியின் பதிவு, "குலா குல்லுக் யாக்கிசிர் மி" என்னும் பெயரில் 2013 இல் வெளிவந்தது.

பின்னணியும் முக்கியத்துவமும்

இவ்விசை எளிதில் காக்கப்பட்டது அன்று. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின்னர் இசை கடும் கட்டுப்பாடுகளுக்கு உள்ளானது. அரசுத் தொலைக்காட்சியில் இசைக்கருவிகளைக் காட்டுவதுகூடப் பல்லாண்டுகள் தவிர்க்கப்பட்டது. துருக்கியில் 1934 முதல் 1936 வரை மரபிசை வானொலியில் தடை செய்யப்பட்டிருந்தது.

பாக்லமா, அலெவி மக்களின் வழிபாட்டில் புனிதமாகக் கருதப்படும் கருவி. 1993 சூலை 2 அன்று சிவாஸ் நகரில் அலெவி பண்பாட்டு விழாவுக்கு வந்தோர் தங்கியிருந்த விடுதிக்கு வன்முறைக் கும்பல் தீ வைத்தது. எழுத்தாளர்கள், கலைஞர்கள் உள்ளிட்ட 33 பேரும் விடுதி ஊழியர் இருவரும் இறந்தனர். செல்பே முறைக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் ஒருவரான இளம் கலைஞர் ஹஸ்ரத் குல்தெகின் அவர்களுள் ஒருவர். எர்சிஞ்சானின் ஆசிரியர் ஆரிப் சாக் உயிர் தப்பினார். அம்முறையே பின்னர் எர்சிஞ்சானின் விரல்கள் வழியாக உலக மேடைகளை அடைந்தது குறிப்பிடத்தக்கது.

இந்தியத் தொடர்பு

சித்தார் என்னும் பெயர் "மூன்று தந்தி" எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. தம்புரா என்னும் பெயர், பாக்லமாவும் சேர்ந்த "தன்பூர்" கருவிக் குடும்பத்தின் பெயருடன் தொடர்புடையது. ஆற்காடு நவாபுகளின் அரசவையில் பாரசீகம் வழங்கியது. அவர்கள் ஆண்ட வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் உருதுக் கவியரங்க மரபும், அதனுடன் பாரசீகத்தில் வளர்ந்த கசல் வடிவமும் இன்றும் உள்ளன.

இவற்றையும் பார்க்க

கமாஞ்சே
பாக்லமா
மகாம்
தஸ்த்கா
சித்தார்