சாங்கியும் சுழல்துப்பாக்கியின் விலையும்: மதிப்பீட்டிலிருந்து வரலாற்றுச் சான்றுக்கு

முன்னுரை

பழம்பொருள் சேகரிப்போர் பெரிதும் விரும்பும் பொருள்களுள் ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியும் ஒன்று. அதன் மறுவிற்பனை விலையைக் கணிப்பது வணிகர்தம் தொழில் என்றும், வரலாற்றாய்வுக்கு அதனோடு தொடர்பில்லை என்றும் நாம் எண்ணுவதுண்டு. ஆயினும், அக்கணிப்பின் படிநிலைகளைக் கூர்ந்து நோக்கின், அவை மூலச்சான்றுகளை ஆராயும் முறையையே ஒத்திருக்கக் காணலாம். இவ்வொப்புமையைச் சாங்கியின் போர்க்கால வரலாற்றில் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதிப்பீட்டு அளவுகோல்கள்

பிரிட்டிஷ் படை 1915இல் ஏற்றுக்கொண்ட வெப்ளி ஆறாம் வகைச் சுழல்துப்பாக்கியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மதிப்பிடுவோர் முதலில் தயாரிப்பாளர் முத்திரையையும் ஆண்டையும் காண்பர். அடுத்து, உறுப்புகளில் பொறிக்கப்பட்ட வரிசை எண்கள் ஒத்துள்ளனவா என ஒப்பிடுவர். பின்னர், தொழிற்சாலையில் இட்ட மேற்பூச்சு எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கணிப்பர். தேய்ந்த பழைய பூச்சைக் காட்டிலும் புதிதாக இட்ட பூச்சு விலையைக் குறைக்கும் என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். அமெரிக்கா சென்ற வெப்ளிகள் பலவற்றில், அந்நாட்டுத் தோட்டாக்கள் பொருந்துமாறு குண்டுருளையின் பின்புறம் சீவப்பட்டது. அவ்வாறு மாற்றப்பட்டவை மாற்றப்படாதவற்றைவிடக் குறைந்த விலைக்கே போகும். ஏட்டுச்சுவடியின் பாடத்தைத் திருத்தி எழுதியவர் அதன் சான்றுமதிப்பைக் குறைப்பதற்கு இது நிகரானது.

இறுதியாகவும் முதன்மையாகவும் கருதப்படுவது, அப்பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்னும் உடைமை வரலாறு.

இரு ஏலங்கள்

உடைமை வரலாற்றின் வலிமையைப் பாரிஸ் நகரில் நடந்த இரண்டு ஏலங்கள் உணர்த்துகின்றன. பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் 1873இல் பிரசல்சில் கவிஞர் ரேம்போவைச் சுட்ட துப்பாக்கி 2016இல் ஏலம் விடப்பட்டது. 50,000 முதல் 60,000 யூரோ வரை போகும் என மதிப்பிடப்பட்ட அது 4,34,500 யூரோவுக்கு விற்றது. ஓவியர் வான்கோ 1890இல் தம்மைச் சுட்டுக்கொள்ளப் பயன்படுத்தியதாகக் கருதப்படும் துப்பாக்கி 2019இல் 1,62,500 யூரோவுக்குப் போயிற்று.

இரண்டும் 7 மில்லிமீட்டர் அளவிலான, ஏறத்தாழ ஒரே வகையான சிறு கருவிகள். புகழில் வான்கோ வெர்லேனுக்குக் குறைந்தவர் அல்லர். எனினும், முன்னதன் வரிசை எண் அதனை விற்ற கடையின் பதிவேட்டோடு பொருந்தியது. வழக்கு ஆவணங்களும் இருந்தன. பின்னதோ 1960 அளவில் வயலில் துருவேறிக் கிடைத்தது. அதுவே அத்துப்பாக்கி என்பது பொருத்தமான ஊகமேயன்றி உறுதியன்று. விலை வேறுபாட்டில் துருவுக்கும் பங்குண்டு. ஆயினும், உறுதிக்கும் ஊகத்துக்கும் இடையிலான தொலைவும் அதில் அடங்கியுள்ளது எனக் கருதுகிறோம்.

சாங்கியில் விலையும் மதிப்பும்

சிங்கப்பூரின் நிலை வேறு. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படும். எனவே, சாங்கி மண்ணில் ஒரு பழைய துப்பாக்கி கிடைப்பின், அதன் விலையை வினவுதற்கு இடமில்லை. காவல்துறையிடம் தெரிவிப்பதே கடமை. விலை நீங்கியபின் எஞ்சுவது சான்றுமதிப்பு ஒன்றே.

சாங்கித் தேவாலய அரும்பொருளகம் இதனை நன்கு விளக்குகிறது. 2021 மே மாதம் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பட்ட அங்கே, தீப்பெட்டியுள் மறைத்து வைக்கத்தக்க மோர்ஸ் கருவியும், சிறையிருந்தவர் தம் மனைவிக்கு எழுதும் மடல் போல எழுதிய நாட்குறிப்பும் உள்ளன. தீப்பெட்டிக்குச் சந்தையில் விலையேது? அதனை மறைத்தவரின் அச்சமும் துணிவும் அறியப்பட்டமையால்தான் அது அரும்பொருளாயிற்று.

இந்தியரின் பங்கு

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 17இல் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அதே நாளில் இந்தியப் படையினர், இன்றைய லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள ஃபேரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இவர்கள் தொகை ஏறத்தாழ 45,000 எனக் குறிப்பர். பின்னர் உருவான இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பலரும் சேர்ந்தனர். அவர்கள் ஏந்தியவற்றுள் பல, சரணடைந்த பிரிட்டிஷ் படையிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஆயுதங்களே.

இங்குதான் மதிப்பீட்டாளரின் பாடம் நமக்கு உறைக்கிறது. அதிகாரி ஒருவரின் சுழல்துப்பாக்கி அவர் பெயருடனும் மடல்களுடனும் குடும்பத்தில் காக்கப்படின், அது வரலாறாகிறது. தோட்டத்திலிருந்து சென்ற தொழிலாளி ஏந்திய துப்பாக்கியோ எண்ணும் பெயரும் இணையாமல் மறைந்தது. பெயரற்றது மதிப்பற்றதன்று, அதற்குச் சான்று எழுதப்படவில்லை, அவ்வளவே.

முடிவுரை

துப்பாக்கியின் விலையை இரும்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனோடு வரும் தாளும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இவ்வுண்மையைத் தமிழாசிரியர்கள் வகுப்பறைப் பணியாக்கலாம். மாணவர் இல்லங்களில் பாட்டனார் விட்டுச் சென்ற பதக்கமோ, தொப்பிச் சின்னமோ, நிழற்படமோ இருப்பின், அதனைத் துலக்கிப் பளபளப்பாக்க வேண்டா. அது யாருடையது, எங்கிருந்து வந்தது, யார் சொன்னார் என்பவற்றை நாளிட்டு எழுதி, சொன்னவரின் கையொப்பமும் பெற்று, உடன் வைக்கச் செய்வோம். சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு அச்சொற்களும் மறைந்துவிடின், எஞ்சும் பொருள் வயலில் கிடந்த துப்பாக்கி போல ஊகத்துக்கே உரியதாகும்.