குட்டி விமானங்களின் கதை: பாரிஸ் பூங்கா முதல் குரோம்பேட்டை வரை

தை மாதம் அறுவடை முடிந்த வயலில் பட்டம் விடும் பையன்களைக் கவனித்திருக்கிறீர்களா? பட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்ற ஆரம்பித்தால் உடனே கீழே இறக்குவார்கள். சூத்திரக் கயிற்றை ஒரு விரல் அளவு மாற்றிக் கட்டுவார்கள், அல்லது பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வாலில் சேர்ப்பார்கள். மறுபடி விட்டால் பட்டம் ஆடாமல் நிற்கும். இதற்குப் பெயர் என்ன என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் மனிதன் பறக்கக் கற்றுக்கொண்ட கதையே அந்த ஒரு விரல் அளவில்தான் அடங்கியிருக்கிறது.

கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைப் பக்கம் நின்று பார்த்தால் கல்வராயன் மலைக்கு மேலே பருந்துகள் வட்டமிடுவது தெரியும். இறக்கையை அசைக்காமலே சுற்றும். அதைப் பார்த்த மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக இறக்கை அடிக்கும் இயந்திரம் செய்ய முயன்று தோற்றார்கள். முதலில் சரியான பாதையைப் பிடித்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி. 1804ல் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு குட்டி கிளைடர் செய்தார். ஒரு கம்பு, அதன்மேல் காற்றாடி போன்ற இறக்கை, பின்னால் திருப்பக்கூடிய வால். முன்பக்கம் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு எடை. அந்த எடைதான் முக்கியம்! இறக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எடை சரியான இடத்தில் இல்லாவிட்டால் பறக்காது என்பதை அவர் கையாலேயே கண்டுபிடித்தார்.

பதினோரு விநாடி

அடுத்த பெயர் அல்ஃபோன்ஸ் பெனோ. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஒருவரின் மகன். இடுப்பில் வந்த நோயால் அவரால் கடற்படையில் சேர முடியவில்லை. மனம் பறப்பதன் பக்கம் திரும்பியது. 1871 ஆகஸ்ட் 18ஆம் தேதி பாரிஸின் துய்லரி பூங்காவில் கூடியிருந்தவர்கள் முன்னால் ஒரு பொம்மையைப் பறக்கவிட்டார். எடை வெறும் 16 கிராம். முறுக்கிய ரப்பர்தான் எஞ்சின். 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் போய் அமைதியாக இறங்கியது.

11 விநாடியில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். யாரும் பிடிக்காமல், யாரும் திருத்தாமல், தன்னைத்தானே சமன்படுத்திக்கொண்டு பறந்த முதல் விமான வடிவம் அதுதான். இறக்கை நுனிகளைச் சற்று மேல்நோக்கி வளைத்திருந்தார். வாலை இறக்கையைவிடக் கொஞ்சம் கீழ்நோக்கிய கோணத்தில் வைத்திருந்தார். மூக்கு இறங்கினால் வால் அதைத் தூக்கிவிடும், மூக்கு ஏறினால் இறக்கிவிடும். இன்று கடையில் வாங்கும் ஒவ்வொரு பயிற்சி விமான கிட்டிலும் இதே இரண்டு கோணங்கள் இருக்கின்றன.

1876ல் ஆள் ஏறக்கூடிய பெரிய விமானத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் கட்டப் பணம் தர ஒருவரும் வரவில்லை. கேலி செய்தவர்கள்தான் அதிகம். 1880ல், முப்பது வயதில், தன் வரைபடங்களை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து இன்னொரு பொறியாளர் வீட்டில் விட்டுவிட்டு வந்து உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதில் மனதை உறுத்தும் விஷயம் என்னவென்றால், அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1878ல், அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் இரண்டு பையன்களுக்கு பெனோவின் வடிவத்தில் செய்த ரப்பர் பொம்மை ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். பெரியவனுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. பெயர்கள் வில்பர், ஆர்வில். 1903 டிசம்பர் 17ல் நடந்தது எல்லாருக்கும் தெரியும். விதை முளைத்ததைப் பார்க்க விதைத்தவர் இல்லை.

கம்பியில்லாக் கயிறு

பொம்மையைத் தரையிலிருந்தே ஓட்டும் வழி பிறகு வந்தது. 1898ல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ரேடியோ அலையால் ஒரு படகை ஓட்டிக் காட்டினார். விமானத்தில் அதைச் சாதித்தவர்கள் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர். 1937ல் மிச்சிகன் மாநிலத்தில் அவர்கள் பறக்கவிட்ட 'கஃப்' என்ற விமானத்துக்கு இறக்கை அகலம் சுமார் இரண்டரை மீட்டர். அந்தக் காலத்து வால்வு ரேடியோவையும் பேட்டரியையும் சுமக்க அவ்வளவு பெரிய இறக்கை தேவைப்பட்டது. இப்போது அந்த வேலையைச் செய்யும் ரிசீவர் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும்.

விரல் நுனியில் ஒரு தராசு

கிட் வாங்கி ஒட்டுவது கடினமில்லை. பால்சா மரத்தில் வெட்டிய துண்டுகள், மோட்டார், சர்வோ, ரிசீவர், பேட்டரி. பொறுமை இருந்தால் போதும். விமானம் பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது கடைசி ஐந்து நிமிடம்.

பேட்டரி உட்பட எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் ஒரு கோடு போட வேண்டும். இறக்கை 20 செ.மீ. அகலம் என்றால் 5லிருந்து 6.5 செ.மீ. வரை. இரண்டு பக்கமும் அந்தக் கோட்டில் விரல் நுனி வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை, சோம்பலாகப் பறந்தாலும் வீடு வந்து சேரும். வால் இறங்கினால் ஆபத்து. கையை விட்டதும் மூக்கு நிமிரும், வேகம் இழக்கும், ஒரு மாத உழைப்பு சில விநாடிகளில் சுள்ளியாகிவிடும்.

உடனே ஈயம் ஒட்டக்கூடாது. முதலில் பேட்டரியை நகர்த்திப் பார்க்க வேண்டும். 600 கிராம் விமானத்தில் 120 கிராம் பேட்டரியை 3 செ.மீ. முன்னால் தள்ளினால் எடை மையம் 6 மில்லிமீட்டர் முன்னால் வரும். பெரும்பாலும் அதுவே போதும். வால் நீளமானது, மூக்கு குட்டையானது. அதனால் வாலில் தெரியாமல் சேர்ந்த ஒரு கிராம் பசைக்கு மூக்கில் மூன்று கிராம் ஈடு கட்ட வேண்டிவரும். ஐந்தொகை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பக்கம் அலட்சியமாக எழுதியதை மறுபக்கம் வட்டியோடு சரிக்கட்ட வேண்டும்!

பல்லாவரமும் குரோம்பேட்டையும்

நம் ஊருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய தாஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர், சிம்ப்சன் கம்பெனி உதவியோடு சொந்தமாக ஒரு விமானம் கட்டி 1910ல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை.

பல்லாவரத்தை ஒட்டிய குரோம்பேட்டையில் 1949ல் சி. ராஜம் என்பவர் தன் வீட்டை விற்ற பணத்தில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அங்கே சேர இடம் கிடைத்தும் கட்டணத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் இல்லாமல் நின்ற ராமேஸ்வரத்துப் பையனுக்காக அவன் அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தப் பையன் அப்துல் கலாம். நான்கு நண்பர்களோடு தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை அவருக்கு வந்தது. வேலை தாமதமானதும் பேராசிரியர் சீனிவாசன் மூன்று நாள் கெடு கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவு முழுக்க வரைபலகையிலேயே நின்றார். முடித்தார். பெனோவிடம் இருந்த திறமைக்குக் குறைவில்லை. இல்லாமல் போனது ஒரு ஜோஹராவின் வளையல்தான்.

அதே வளாகத்து மாணவர்களின் 'தக்‌ஷா' குழு, 2018ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. குழுவுக்கு ஆலோசகராக இருந்தவர் குட்டி விமானங்கள் மேல் பைத்தியமாக இருக்கும் நடிகர் அஜித்குமார். போட்டியின் கருப்பொருள், எட்டாத இடத்தில் தனியே மாட்டிக்கொண்ட நோயாளிக்கு மருத்துவ உதவி சேர்ப்பது.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் போனவர்களுக்கு இதன் அர்த்தம் விளக்கத் தேவையில்லை. மழை பெய்தால் துண்டிக்கப்படும் குக்கிராமங்கள் மலைமேல் இருக்கின்றன. ஒரு மருந்துப் பெட்டியைக் காற்று வழியாக அங்கே கொண்டுபோகிற இயந்திரமும், பெனோவின் 16 கிராம் பொம்மையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. எடை சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது ஒரு பையன் விரல் நுனியில் குட்டி விமானத்தை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், விளையாடுகிறான் என்று கடந்து போய்விடாதீர்கள். முடிந்தால் பேட்டரி வாங்க ஐம்பது ரூபாய் கொடுங்கள்.