அதிகாரம் பிரித்தவர்: பேராயர் ஸ்டீபன் லாங்டன்

'யோவான் 3:16' என்று எழுதுகிறோமே, அதில் 16 என்ற வசன எண் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் கொடுத்தது. 3 என்ற அதிகார எண்ணுக்கு ஸ்டீபன் லாங்டன் பெயரைச் சொல்வது மரபு. 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில் விவிலியம் கற்பித்த ஆங்கிலேயர் இவர். அன்று கையெழுத்துப் பிரதிகள் ஒரே மாதிரி பிரிக்கப்பட்டிருக்கவில்லை. ஆசிரியர் சொல்லும் இடத்தை மாணவன் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. இந்தப் பிரிவுகள் லாங்டனுக்கு முன்பே இருந்தன என்று ஆய்வாளர்கள் சிலர் இப்போது சொல்கிறார்கள். இருக்கட்டும். நிரல்களின் வரி எண்களோடு பிழைப்பு நடத்தும் எனக்கு, எண்ணைக் கண்டுபிடித்தவரை விட, எல்லோரையும் ஒரே எண்ணுக்குச் சம்மதிக்க வைத்தவர்தான் பெரியவராகத் தோன்றுகிறார்.

1205-இல் காண்டர்பரி பேராயர் இறந்ததும், துறவிகள் ரகசியமாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அரசன் ஜான் வேறொருவரைத் திணித்தான். போப் மூன்றாம் இன்னொசென்ட் இருவரையும் தள்ளிவிட்டு, 1207-இல் லாங்டனைப் பேராயராக்கினார். ஜான் அவரை நாட்டுக்குள் விடவில்லை. பதிலுக்கு போப், 1208-லிருந்து 1214 வரை இங்கிலாந்தில் பொது வழிபாட்டையே நிறுத்தினார். இறந்தவர்களைத் திருச்சபையின் கல்லறை நிலத்தில் புதைக்க முடியவில்லை. மேலே இருவர் மோதியதற்கு வரி கட்டியது வழக்கம்போல் குடிமக்கள்தான். அத்தனை காலமும் பிரான்சில் காத்திருந்த லாங்டன், ஜான் பணிந்தபின் 1213-இல் நாடு வந்து சேர்ந்தார்.

எனக்கு அவர் முக்கியமாவது இதற்குப் பிறகுதான். அரசனுக்கும் பிரபுக்களுக்கும் நடுவில் நின்று பேசினார். 1215 ஜூனில் ரன்னிமீடில் முத்திரையிடப்பட்ட மாக்னா கார்ட்டாவில், அரசனுக்கு ஆலோசனை சொன்னவர்களின் பட்டியலில் முதல் பெயர் இவருடையது. சட்டப்படியான தீர்ப்பில்லாமல் எந்தச் சுதந்திர மனிதனையும் சிறையிடக் கூடாது என்கிறது அதன் 39-ஆவது பிரிவு. அன்றைய இங்கிலாந்தில் பண்ணையடிமைகள் ஏராளம் என்பதால், 'சுதந்திர' என்ற சொல்லைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஆகஸ்டிலேயே போப் சாசனம் செல்லாது என்றார். கலகம் செய்த பிரபுக்களைச் சபைநீக்கம் செய்யச் சொன்னபோது லாங்டன் இணங்கவில்லை. தன்னைப் பேராயராக்கிய அதே போப்பால் பதவியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். 1218-இல்தான் நாடு திரும்ப முடிந்தது. ஜான் இறந்து, சிறுவன் மூன்றாம் ஹென்றி அரசனாகியிருந்தான். சாசனத்தை உறுதிசெய்யும்படி அவனை வற்புறுத்தியவர்களில் லாங்டன் முன்னணியில் நின்றார். 1225-இல் அது மீண்டும் வெளிவந்தது. இம்முறை பதிலுக்கு ஒரு வரி: அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. பிற்காலத்தில் சட்டப் புத்தகத்தில் ஏறியது இந்த வடிவம்தான்.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதாநாயகன் கிடைப்பார். ஆனால் 1222-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கூட்டிய சபை, யூதர்கள் உடையில் அடையாளச் சின்னம் அணிய வேண்டும், புதிய ஜெப ஆலயங்கள் கட்டக் கூடாது என்றது. யூத மதத்துக்கு மாறிய ஒரு திருத்தொண்டர் அங்கே குற்றவாளியாக்கப்பட்டு எரிக்கப்பட்டார். காலத்தின் குற்றம் என்று நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. தீர்ப்பில்லாமல் தண்டனை கூடாது என்ற சாசனத்தோடு நின்றவர், தீர்ப்பு சொன்ன இடம் இது. இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டு ஆக்ஸ்ஃபோர்டில் வழிபாடு நடத்தியது 2022-இல், 800 ஆண்டுகள் கழித்து.

லாங்டன் 1228 ஜூலையில் சசெக்ஸின் ஸ்லிண்டனில் காலமானார். காண்டர்பரி பேராலயத்தில், பின்னாளில் எழுப்பிய சிற்றாலயச் சுவர் அவருடைய கல்பெட்டிக்குக் குறுக்கே வந்துவிட்டது. தலைப்பக்கம் உள்ளே இருக்கிறது, கால்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.