கானாடுகாத்தான் வெயிலும் ஒரு தோள்துண்டும்

காரைக்குடிக்கு அருகே, மாளிகை வீடுகளுக்குப் பெயர்பெற்ற ஊர் கானாடுகாத்தான். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வூரில் ஒரு திருமண ஊர்வலம் நடந்தது. ஊர்வலத்தின் முன்னே நாகசுரம் வாசித்துச் சென்றவர் மதுரை சிவக்கொழுந்து என்னும் வித்துவான். வழிகின்ற வியர்வையைத் துடைத்துக்கொள்வதற்காக அவர் தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. மேளக்காரர் தோளில் துண்டு போடுவதாவது! எடுத்துவிட்டு வாசிக்கட்டும் என்றார்கள். அங்கே இருந்த சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கிட்டார். துண்டை எடுக்க வேண்டாம், தொடர்ந்து வாசியுங்கள் என்று சிவக்கொழுந்திடம் உரக்கச் சொன்னார். வாக்குவாதம் மூண்டது. திராவிட இயக்க வரலாற்றை எழுதியோர் பலரும் இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடத் தவறுவதில்லை.

இதை மானப் பிரச்சினையாக எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அது மானப் பிரச்சினைதான். ஆனால் அந்தத் துண்டு எதற்காகத் தோளுக்கு வந்தது என்ற கேள்வி விஞ்ஞானத்தைச் சேர்ந்தது. அதைச் சிறிது பார்ப்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடலில் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் இடைவிடாமல் உண்டாகிறது. நடந்துகொண்டே, மூச்சை அழுத்தி நாகசுரம் ஊதுகிறவருக்கு இது 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும். இல்லாவிட்டால் உடலின் உட்புற வெப்பநிலை 37 டிகிரியிலிருந்து ஏறத் தொடங்கிவிடும். குளிர்ந்த நாளில் தோலிலிருந்து காற்றுக்கு வெப்பம் தானாகவே போய்விடுகிறது. கத்தரி வெயிலிலோ காற்றே 40 டிகிரியை நெருங்குகிறது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரிதான். ஆகவே வெப்பம் எதிர்த் திசையில், காற்றிலிருந்து உடலுக்குள் பாய்கிறது. அப்போது எஞ்சியிருக்கும் வழி ஒன்றே ஒன்று: வியர்வை ஆவியாதல்.

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேலேயே ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 300 வாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 260 கிலோ கலோரி. ஆகவே உடல் தான் உண்டாக்கிய வெப்பத்தைக் கழிப்பதற்கு மட்டும் மணிக்குச் சுமார் 450 மில்லி லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். வெயில் கொட்டும் வெப்பமும், சூடான காற்று கொடுக்கும் வெப்பமும் இதற்குமேல். இரண்டு மணி நேர ஊர்வலம் என்றால் ஒரு செம்புத் தண்ணீருக்கு மேலேயே உடலை விட்டுப் போய்விடும். கூடவே உப்பும் போகும்.

ஆவியாகும் வியர்வைதான் குளிர்ச்சி தருகிறது என்றால், துடைத்து எடுத்த வியர்வை வீண்தானே என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தோலில் மெல்லிய படலமாகப் படிந்த வியர்வையைத் துடைப்பது உண்மையிலேயே நஷ்டம். ஆனால் நெற்றியிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவது எப்படியும் தரையில்தான் விழப்போகிறது. அதைத் துடைப்பதால் இழப்பு எதுவும் இல்லை. அது கண்ணில் இறங்கினால் உப்பு எரிக்கும். கைக்கு இறங்கினால் விரல் வழுக்கும். நாகசுரத்தில் விரல்கள் ஆளும் துளைகள் ஏழு. ஒரு துளையை முழுவதும் மூடுவதா, பாதி மூடுவதா, விரல் நுனியை எவ்வளவு உருட்டுவது என்பதில்தான் அந்த வாத்தியத்தின் கமகமே இருக்கிறது. ஈர விரலால் அது எப்படிக் கைகூடும்? தச்சருக்கு உளி எப்படியோ அப்படித்தான் நாகசுரக்காரருக்குத் துண்டு. அதைத் தண்ணீரில் நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டால் தானும் ஆவியாகிக் குளிர்ச்சி தரும்.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். வியர்வை ஆவியாவதற்கு வெற்று மார்பே மிகவும் வசதியானது. அப்படியானால் சட்டை போடாதே, துண்டு போடாதே என்று சொன்னவர்கள் உடல்நலத்துக்கு நல்லதைத்தானே சொன்னார்கள் என்று ஒருவர் வாதாடக்கூடும். இந்த வாதம் நிற்காது. அவர்கள் வெப்பநிலையைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துச் சொன்னார்கள்.

அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. சிவகங்கைப் பகுதி 1985-இல் தனி மாவட்டமாவதற்கு முன் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் சிலர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் சட்டையோ பனியனோ அணியக்கூடாது. இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது. செருப்புப் போடக்கூடாது என்பன அவற்றுள் சில. மறு ஆண்டில் தடைகள் பதினொன்றாயின. திருமணத்தில் மேளம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. சிவக்கொழுந்தின் நிலை வேறு. அவர் மரியாதையாக அழைத்து வரப்பட்ட வித்துவான். ஆனாலும் துண்டைப் பறிக்க நினைத்த மனமும் குடையைப் பறித்த மனமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்தாம். சித்திரை மாதத்தில் இராமநாதபுரம் சீமையில் செருப்பும் குடையும் இல்லாமல் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாகசுர உலகத்தில் இந்தத் தளையை அறுத்தவர்களுள் முதன்மையானவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். சட்டையும் ஷெர்வானியும் அணிந்து மேடையேறினார். வெப்பக் கணக்குப்படி பார்த்தால் நம் ஊர் வெயிலுக்கு ஷெர்வானியைப்போல் பொருந்தாத உடை வேறில்லை! அந்தப் புழுக்கத்தை அவர் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார் என்பதுதான் விஷயம். தெருவில் நின்றும் நடந்தும் வாசித்தவர்கள் மேடையில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கியதும், ஒலிபெருக்கி வந்ததும் இந்தத் தலைமுறையில்தான். முன்பு புழங்கிய திமிரி நாகசுரம் குட்டையானது. உச்சமான சுருதியில் வெட்டவெளியில் வெகுதூரம் கேட்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதம் ஆசாரி இராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான பாரி நாகசுரத்தைச் சீர்செய்து கொடுத்தார், சுருதி இறங்கியது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மேடை என்றால் பந்தல், பந்தல் என்றால் நிழல். வித்துவானின் உடம்புக்கு எந்த உடை மாற்றத்தையும்விட இது பெரிய உதவி.

உடம்பு மட்டுமா வெயிலில் மாறுகிறது? வாத்தியமும் மாறுகிறது. காற்றில் ஒலியின் வேகம், 331-உடன் வெப்பநிலையை 0.6-ஆல் பெருக்கிக் கூட்டினால் வருவது; விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கொள்ளலாம். 20 டிகிரியில் 343 மீட்டர். 40 டிகிரியில் 355 மீட்டர். ஏறத்தாழ மூன்றரை சதவீதம் கூடுகிறது. குழல் வாத்தியத்தின் சுருதியும் அதே அளவில் கூட முனையும். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 6 சதவீதம்தான் என்பதை நினைத்தால் இது சிறிய அளவன்று. குழலின் உள்ளே இருப்பது பெரும்பாலும் வாசிப்பவரின் வெதுவெதுப்பான மூச்சு என்பதால் நடைமுறையில் மாற்றம் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் காது அறியும். பழைய மேளத்தில் சுருதிக்காக ஒத்து ஊதினார்கள். ஒத்தும் குழல் வாத்தியமே. நாகசுரம் வெயிலில் ஏறினால் ஒத்தும் கூடவே ஏறும். இப்போது பெரும்பாலும் அந்த இடத்தில் மின்னணுச் சுருதிப்பெட்டி இருக்கிறது. அதற்கு வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. காலையில் வைத்த சுருதியிலேயே நிற்கும். வித்துவான்தான் அதற்கு இறங்கி வர வேண்டும். நாகசுரத்தின் அடிப்பகுதியில் விரல் படாத ஐந்து துளைகள் இருப்பதையும், அவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வதையும் வாசகர்கள் கவனித்திருக்கலாம்.

சீவாளியின் பாடு இன்னும் மோசம். நாணல் தட்டையில் செய்த அந்தச் சிறு பொருள் ஈரப்பதத்தில்தான் பேசும். வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்து விறைத்துக்கொள்ளும். நாகசுரத்தில் கொத்தாக மாற்றுச் சீவாளிகள் தொங்குவது அழகுக்காக அன்று. தோல் வாத்தியங்களின் கதை வேறு: வறண்ட வெப்பத்தில் தோல் இறுகிச் சுருதி ஏறும், ஈரக் காற்றில் தளரும். பறை அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தி அந்த வெக்கையில் பறையைக் காய்ச்சுவது இந்த இறுக்கத்துக்காகத்தான். மற்ற வாத்தியக்காரர்களுக்குப் பகையான உஷ்ணம் பறைக்குச் சுருதி கூட்டும் கருவி!

காரைக்குடி என்றதும் இசை ரசிகர்களின் நினைவுக்கு வருவது வீணைதான். காரைக்குடி சகோதரர்களான சுப்பராமையரும் (1883–1936) சாம்பசிவையரும் (1888–1958) இவ்வூர்ப் பெயரைத் தென்னாடெங்கும் கொண்டு சென்றார்கள். மூத்தவர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்ததும் பிரசித்தம். அந்த வாத்தியத்தை வெயிலில் வைத்து வாசிக்க முடியுமா? வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகோடு கரித்தூள் முதலியன கலந்த பூச்சின்மேல் பதிக்கப்பட்டவை. உஷ்ணத்தில் மெழுகு இளகும். மெட்டு இம்மி நகர்ந்தாலும் சுரம் பிசகும். கம்பியும் சூட்டில் நீண்டு தளரும். ஆகவே வீணை உயர்ந்த கூரையும் நடு முற்றமும் கொண்ட வீடுகளுக்குள், குளிர்ச்சியான தரையில் இடம்பெற்றது. அதே வீட்டுத் திருமணத்துக்கு வந்த நாகசுரம் தெருவில் நடந்தது. வாத்தியத்தின் குணம் பாதி, சமூகம் கொடுத்த இடம் பாதி என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

முன்னோர் வெயிலைச் சமாளித்த சிறந்த முறை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. கோயில் திருவிழாவில் பெரிய புறப்பாடு இரவில் நடக்கும். மல்லாரி வாசித்துச் சுவாமி புறப்பட்டு, வீதிவீதியாக நின்று ராகம் வாசித்து நிலைக்கு வரும்போது விடிந்துவிடும் என்பது பழைய ரசிகர்களின் அனுபவம். ஆனால் திருமண முகூர்த்தமும் தேரோட்டமும் பால்குடமும் பகலில் வந்துவிடுகின்றன. அவற்றுக்கு இரவு உதவாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. 2023 ஜூன் 10 அன்று லண்டனில் அரச அணிவகுப்புக்கான ஒத்திகை நடந்தது. வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரிதான். காரைக்குடியில் அதை இதமான நாள் என்போம். ஆனால் கம்பளிச் சட்டையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்திருந்த வீரர்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். அவர்களில் ஒருவர் டிராம்போன் வாசித்தவர். எழுந்து மறுபடியும் வாசிக்க முயன்றார். அசையாமல் நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்குகிறது. அழுத்தி ஊதும்போது மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மேலும் குறைகிறது. ஊதுகிறவர்களுக்குத் தலைசுற்றல் எளிதில் வருவது இதனால்தான்.

வெயிலில் உழைப்போர் படும் பாட்டை அளக்க 1950-களில் அமெரிக்கக் கடற்படைக்காக யாக்லு, மினார்டு என்னும் இருவர் ஒரு குறியீட்டை வகுத்து, 1957-இல் வெளியிட்டார்கள். செய்திகளில் வரும் வெப்பநிலை நிழலில் அளந்தது. ஆகவே அது மட்டும் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 7 பங்கு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் அளவில் 2 பங்கு, காற்றின் வெப்பநிலையில் 1 பங்கு சேர்த்துப் பத்தால் வகுத்தால் அந்தக் குறியீடு கிடைக்கும். எடுத்துக்காட்டாக ஈர வெப்பமானி 27, கோளம் 50, காற்று 40 என்றால் குறியீடு 32.9. அமெரிக்க இராணுவ முகாம்களில் 32.2-ஐத் தொட்டால் கறுப்புக் கொடி ஏற்றிக் கடும் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். அதே இடத்தில் ஒரு குடை பிடிப்போம். கோளத்தின் அளவு 42-க்கு இறங்கினால் குறியீடு 31.3 ஆகிறது, கறுப்புக் கொடி இறங்கிவிடுகிறது. 1930-இல் இராமநாதபுரத்தில் மறுக்கப்பட்ட குடையின் மதிப்பு இந்தக் கணக்கில் 1.6 டிகிரி.

கடும் வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும் என்பதும் இப்போது நன்கு தெரிந்த உண்மை. பங்குனியில் முகூர்த்தம் குறைவு. சித்திரையில் திடீரென்று பகல் ஊர்வலங்கள் குவிகின்றன. முதல் வாரத்து நிகழ்ச்சிகளில்தான் மேளக்காரர்களுக்கு அதிகக் கவனம் தேவை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் தெருவில் நின்று ஊதுவதும் வெளிவேலைதான். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர், வாசிப்புக்கு நடுவே நிழலில் ஓய்வு, தவில்காரரின் தோளுக்குச் சிறிது இளைப்பாறல் ஆகியவற்றை நிகழ்ச்சி பேசும்போதே பேசிக்கொள்ளலாம்.

உற்சவ மூர்த்திக்குக் குடை பிடித்துச் செல்வது நம் ஊர்வல மரபு. அந்தக் குடைக்குச் சில அடிகள் முன்னே, வெயிலில், தோளில் துண்டோடு மேளக்காரர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.